ஹன்னாவின் இரண்டு வில்லியம்கள்

2007 பிப்ரவரி 11, ஞாயிறு

மெஹரின் இமெயில் கணக்கை மூடலாம் என்று உட்கார்ந்தேன். அவள் இறந்த நாளிலிருந்து தள்ளிப்போட்ட வேலை. நாலு மாதம். பாஸ்வேர்டு தெரியும். எங்கே அழுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

மேலே ஒரு கடிதம். இன்று காலை வந்தது. ‘அன்புள்ள மெஹர், சத்தமே இல்லையே, நலம்தானே?’

எழுதியவர் ஐரீன். இங்கிலாந்தில் ரிடையரான நர்ஸ். இரண்டு பேரும் ஹன்னா கூம்ஸ் என்பவளின் வாரிசைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹன்னா, மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்கார சார்ஜென்டின் மனைவி. அவன் காலராவில் செத்ததும் ஊர் திரும்பினாள். 1887இல் வாடகை அறையிலேயே கொலையானாள். கொன்றவனைப் பற்றிப் புத்தகமே இருக்கிறதாம். அவளுக்கு ஒரு கல்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்தைச் சமன் செய்து புல் போடப்போகிறார்கள். ஜூன் 30க்குள் ரத்த உறவு யாராவது கையெழுத்துப் போட்டால் பெயர்க்கல் வைக்க விடுவார்கள்.

‘நலம். தேடுகிறேன்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன். கீழே மெஹர் என்று பெயர் போட்டு.

ஏன்டா இப்படிப் பண்ணே?

பிப்ரவரி 12

ஏன் என்று தெரியும். மனைவியை இழந்தவன் என்று எல்லாரும் அவளைப் பற்றி எனக்கு எழுதுகிறார்கள். அவளுக்கே எழுதுவது ஐரீன் மட்டும்தான்.

மார்ச் 3

மெஹர் ஆர்டர் பண்ணியிருந்த மைக்ரோஃபிலிம் வந்திருக்கிறது என்று மார்மன் சர்ச்சிலிருந்து போன். பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைச் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். சர்ச்சின் பின்னறையில் ஒரு மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் 1870களின் பரங்கிமலை ஓடுகிறது. அமெரிக்காவில் உட்கார்ந்து நான் பார்க்கும் பரங்கிமலை, மெட்ராஸில் மெஹரின் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப்.

மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது பசித்தது. பசித்தது என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24

எல்லாவற்றையும் டேபிளாகப் போட்டுவிட்டேன். தாமஸ்–ஹன்னா மகன் வில்லியம், ஞானஸ்நானம் 1878 ஏப்ரல். பிறகு 1880 மேயில் அதே பெயர், அதே அப்பா அம்மா, அதே சர்ச். குமாஸ்தா ஏதோ குழப்பியிருக்கிறான். ஆபீசில் தினமும் நான் எழுதும் ப்ரோக்ராம் செய்வது இதுதானே? டூப்ளிகேட் என்று இரண்டாவதைத் தூக்கினேன். இறப்புப் பதிவேட்டில் வில்லியம் கூம்ஸ், பதினொரு மாதம், 1879. வேறு பிள்ளை இல்லை. முடிந்தது.

ஐரீனுக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: ‘நம்மால் முடிந்ததைச் செய்தோம், மெஹர்.’

இனி அவர் எழுதக் காரணம் இல்லை.

மார்ச் 31

கடிதம் இல்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஃபிரிஸ்கோவிலிருந்து போன். மெஹரை ‘லாத்தா’ என்று கூப்பிடும் தங்கை பர்வின்.

“மச்சான், சாப்டீங்களா?”

“ம்.”

“ம்னா என்ன? என்ன சாப்டீங்க?”

“சீரியல்.”

“மத்தியானம் ஒரு மணிக்கா? லாத்தா இருந்தா அந்த பௌலைத் தலையில கவுத்திருப்பா.”

சிரித்துவிட்டேன். பேச்சை மாற்ற வில்லியம் கதையைச் சொன்னேன், டூப்ளிகேட் வரை.

“அது எப்படி டூப்ளிகேட்? மொதப் புள்ள மவுத்தாப் போச்சு, அடுத்ததுக்கும் அதே பேரை வச்சிருப்பாங்க. எங்க உம்மா வைக்கலையா?”

“உம்மா யாருக்கு வச்சாங்க?”

“அட, உங்களுக்குத் தெரியாதா? லாத்தாவுக்கு முன்னாடி ஒரு பொண்ணு மச்சான். நாப்பது நாளுகூட இருக்கல. அதுவும் மெஹர் நிஷாதான்.”

“எங்கிட்ட அவ சொன்னதே இல்ல.”

“நீங்க கேட்டிருக்க மாட்டீங்க.”

ஆறு வருஷம் கூட இருந்தேன். ஏன் மெஹர், நீ சொல்லல? நான் எழுதுற ப்ரோக்ராம்ல போட்டிருந்தா உன்னைத்தானே டூப்ளிகேட்னு தூக்கியிருப்பேன் —

ஏப்ரல் 9

தூக்கிய வரியைத் திரும்பப் போட்டேன். ஐரீனுக்கும் எழுதினேன்: என் தவறு, இன்னொரு வில்லியம் இருக்கிறான்.

மே 5

இரண்டாவது வில்லியம் பிழைத்திருக்கிறான்! சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான பள்ளிப் பதிவேட்டை ஐரீன் போய்ப் பார்த்து அனுப்பினார். 1887 நவம்பரில் சேர்த்திருக்கிறார்கள், ஏழு வயது, தாய் தந்தை இல்லை. பதினான்கில் பட்டாளத்தில் ட்ரம் அடிக்கப் போயிருக்கிறான். அதற்கப்புறம் இங்கிலாந்தில் தடயமே இல்லை.

சும்மா இங்கே அமெரிக்காவிலும் தேடினேன். முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்த 1918 கார்டு ஒன்று: வில்லியம் கூம்ஸ், பிறந்த தேதி அப்படியே பொருந்துகிறது. 1920 சென்சஸில் பிறந்த இடம் இந்தியா. ஊர் ட்ரென்டன்.

ட்ரென்டன்! இங்கிருந்து அரை மணி நேர டிரைவ். உலகம் முழுக்கத் தேடியவன் ‘ரூட் 1’ ஹைவேயில் நேராகப் போயிருந்தால் போதும்.

மே 12

பேரன் வால்டர் கூம்ஸ், எழுபத்தொன்று, பக்கத்து ஊர். போன் போட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் கால்சென்டர் ஆள் என்று நினைத்து, கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, எதுவும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை எடுத்ததுமே, “உங்க தாத்தா மெட்ராஸ்ல பிறந்தார்” என்றேன்.

இந்தத் தடவை வைக்கவில்லை. பிறகு கேட்டார், “அவர் சொன்னப்போ யாருமே நம்பல. நீ யாருப்பா?”

மே 19

வால்டர் தன் சமையலறையில் பெயர்க்கல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம். அதற்குக் கீழே இன்னொரு கோடு: உறவைக் கண்டுபிடித்தவர் பெயர், கையெழுத்து, அடையாளச் சான்று நகல்.

“இது நீதானே?” என்று பேனாவை நீட்டினார்.

மெஹர் என்று போட முடியாது. அபுதாஹிர் என்று என் பெயரையே போட்டேன்.

மே 20

ஐரீனுக்கு எல்லாம் எழுதினேன். அக்டோபரில் அவள் போனது, பிப்ரவரியிலிருந்து எழுதியது நான். பட்டனை அழுத்திவிட்டுக் கீழே போய்க் காரைக் கழுவினேன். கழுவிய காரையே இன்னொரு தடவை.

மே 26

பதில் இல்லை. நியாயம்தான்.

மே 29

பதில்.

‘அன்புள்ள அபுதாஹிர், படிவம் வந்தது, கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கோபமாக இருந்தேன், அழவும் செய்தேன். மார்ச்சிலேயே சந்தேகம். மெஹர் எனக்கு ஒருபோதும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியதில்லை. அவளைப் பற்றி எனக்கு எழுதுங்கள். நம்பர் வேண்டாம்.’

ஆகஸ்ட் 4, சனி

கல்லின் படம் வந்திருக்கிறது. சாம்பல் நிறம், சின்னக் கல். ஹன்னா கூம்ஸ், தாமஸின் மனைவி, வில்லியமுக்கும் வில்லியமுக்கும் தாய். வால்டருக்குப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டார்.

ஐரீனுக்கு நான் தர வேண்டிய கடிதத்தை இன்று ஆரம்பித்தேன். மெஹருக்கு முன்னால் ஒரு மெஹர் இருந்தாள் என்பதிலிருந்து. மூன்று பக்கம் ஆகிவிட்டது. எங்கள் கல்யாணமே இன்னும் வரவில்லை.