மூக்கு வைத்த கூஜா

நைனா,

காலையில் கூஜாவின் மூக்கு உடைந்துவிட்டது. பதறாதே, இந்த முறை நான் இல்லை. நம் வீட்டில் எது உடைந்தாலும் முதல் சந்தேகம் என் மேல்தான் விழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் கழுவும்போது குழாயில் இடித்துவிட்டாள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளைப் பீங்கான் மூக்கு தொட்டித் தண்ணீரில் தனியாகக் கிடந்தது. கூஜாவுக்குள் இருந்து நேற்றைய தேயிலை வாசனை வந்தது. நனைஞ்ச வைக்கோலு என்று நீ சொல்வாயே, அதே வாசனை.

அம்மா இரண்டையும் துடைத்து ஜன்னல் மேடையில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நீ போன இந்த ஆறு மாதமாக வீட்டில் இப்படித்தான். சண்டை எல்லாம் இல்லை. சாப்டியா, சாப்டேன், கதவ சாத்து, சாத்திட்டேன். இதற்குள்ளேயே ஒரு முழு நாள் முடிந்துவிடுகிறது. தெருவே வாயாடி என்று பட்டம் கொடுத்த எனக்குச் சொந்த அம்மாவிடம் பேச ஒரு வார்த்தை அகப்படவில்லை என்றால் நீ நம்பமாட்டாய்.

அதனால்தான் உன்னிடம் பேசுகிறேன். உன்னோடும் பதினோரு நாள் பேச்சில்லாமல் இருந்தவள்தான் நான். அது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

அப்போது நான் பத்தாவது. நீ சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை என்பது உனக்குக் கிரீடம் மாதிரி. அந்தக் கிரீடத்தில்தான் கை வைத்தேன். குரலைக் கட்டையாக்கி, போலீஸ்காரர் அதட்டுகிற மாதிரி "ஏய், வண்டிய ஓரங்கட்டு, லைசென்ஸ எடு" என்று பதிவு செய்து, உனக்குத் தெரியாமல் உன் போனில் ரிங்டோனாக வைத்தேன். நீ வீட்டில் சாப்பிடும்போது அடிக்கும், திடுக்கிடுவாய், அப்புறம் சிரிப்பாய் என்று நினைத்தேன். உன் போன் வண்டி ஸ்பீக்கரோடு சேர்ந்திருக்கும் என்ற எண்ணமே வரவில்லை.

மறுநாள் ஓஎம்ஆரில், வண்டி நிறைய ஆட்களோடு போகும்போது போன் அடித்தது. வண்டிக்குள்ளேயே போலீஸ் கத்தியதும் நீ உண்மையாகவே ஓரங்கட்டிவிட்டாய். பிரேக் போட்ட வேகத்தில் பின்சீட்டு அக்கா ஒருத்தரின் நெற்றி முன்சீட்டில் மோதி வீங்கிவிட்டது. அன்று சாயங்காலமே டிராவல்ஸ்காரர் உன்னை அந்த ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

நீ வீட்டுக்கு வந்து போனை என் முன்னால் வைத்தாய். "இத மாத்திக் குடு" என்றாய். குரலை உயர்த்தவில்லை, கையை ஓங்கவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.

எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அம்மா வழியாக வந்தது. நான் மூன்றடி தள்ளி நிற்பேன். நீ அம்மாவைப் பார்த்து, ஒம் பொண்ண கொட எடுத்துகினு போ சொல்லு என்பாய். அம்மா திரும்பி அதையே என்னிடம் சொல்வாள். ஆறாம் நாள் அவளுக்கே அலுத்துப்போய், "நா இன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் செல்போன் டவரா?" என்று கேட்டாள். டவரா, டம்ளரா என்று கேட்க என் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு மன்னிப்பு கேட்டிருக்கக்கூடாதா என்று நீ நினைத்திருப்பாய். கேட்க வரவில்லை நைனா. ஊரையே கலாய்க்கிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. ஸாரி என்று ஆரம்பிக்கும்போதே, எந்தக் கடை சாரி, பார்டர் வைத்ததா என்று எனக்குள் இருக்கிற இன்னொருத்தி கேட்டுவிடுவாள். சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டு மன்னிப்பு கேட்டால் அது இன்னொரு குறும்பாகிவிடும். அதனால் சும்மா இருந்தேன். நாள் ஏற ஏற வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ரூட் போனதால் உன்னை மாமல்லபுரத்து ஹோட்டல் விருந்தாளிகளுக்கு ஓட்டச் சொன்னார்கள். அசாமிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூன்று நாள் உன் வண்டியில் சுற்றிவிட்டு, கிளம்பும்போது உனக்கு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தார். பத்தாம் நாள் சாயங்காலம் அந்தப் பொட்டலத்தோடு நீ வாசற்படியில் வந்து நின்றாய். நான் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்:

"லூஸு டீ."

என் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார். லூசுடீ. பத்து நாளைக்கப்புறம் என் நைனா என்னைத் திட்டிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னா நைனா என்று துள்ளி எழுந்தேன். நீ என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் பொட்டலத்தை நீட்டினாய். "தூளு இல்ல, எல எலயா கீது. லூஸு டீன்னு சொன்னாரு" என்றாய். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நான் நேராகப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். ஒரு திட்டுக்காக அப்படி ஏங்கியது அதுதான் முதல்முறை.

அம்மா அந்தத் தேயிலையை, தூளைப் போடுகிற மாதிரியே பாலில் போட்டு, இஞ்சி தட்டி, சர்க்கரை கொட்டி, பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டாள். இலையெல்லாம் ஊதி விரிந்து வடிகட்டியை அடைத்துக்கொண்டது. முருங்கைக்கீரைக் கூட்டுக்குப் பால் ஊற்றின மாதிரி இருந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்குத் தனியாக ஒரு பாத்திரம் இருக்கிறது, கூஜாவுக்கு மூக்கு வைத்த மாதிரி இருக்கும், அதில்தான் ஊறவைக்க வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினாய். டீபாட் என்ற பேர் நம் வீட்டில் ஒட்டவே இல்லை. அன்றிலிருந்து அது மூக்கு வைத்த கூஜாதான். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "நாளைக்கி ஞாயித்துக்கெழம தான. ஒம் பொண்ண கெளம்ப சொல்லு. எனக்கு இதெல்லாம் பாத்து வாங்கத் தெர்யாது."

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழி முழுக்கக் காற்று மட்டும்தான் பேசியது.

முதலில் நுழைந்தது ஒரு சிற்பக் கடை. உளிச் சத்தத்துக்கு நடுவில், பிள்ளையார் வரிசைக்கும் ஆமை வரிசைக்கும் இடையில் ஒரு மாக்கல் கூஜா உட்கார்ந்திருந்தது. மூக்கு யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருந்தது. நீ அதைத் தூக்கினாய். நீ வாழ்க்கையில் பார்த்து வாங்கிய பெரிய பொருளெல்லாம் வண்டிதான், அதனால் கூஜாவையும் பழைய வண்டி பார்க்கிற மாதிரியே பார்த்தாய். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாய். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாய். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தாய். கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு, அதில் ஊற்றிச் சாய்த்தாய். ஒரு சொட்டுகூட வரவில்லை. இன்னும் சாய்த்தாய். மூடி கழன்று உன் கால்மேல் விழுந்து, தண்ணீர் முழுக்க சட்டையில் கொட்டியது.

"அண்ணாத்த, அது ஷோவுக்கு வெக்கறது. மூக்குல ஓட்ட போடல" என்றார் கடைக்காரர்.

நீ அந்த ஓட்டையில்லாத மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பதினோரு நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"மூக்கு, வாயி எல்லாம் கீது நைனா. ஆனா உள்ள கீறது எதுவும் வெளிய வர்ல. ஒன்ன மாதிரி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைக்காரர் கீழே விழுந்த மூடியை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ அதைக் கூஜாவின் மேல் வைத்து அசைத்துப் பார்த்தாய். கடகடவென்று ஆடியது. நிதானமாக என் பக்கம் திரும்பினாய்.

"மூடி மட்டும் லூஸு" என்றாய். "ஒன்ன மாதிரி."

அவ்வளவுதான் நைனா. அந்த இடத்திலேயே நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்று வரை எனக்கே தெரியாது. என் குறும்புக்கு அதுவரை இரண்டு பதில்தான் கிடைத்திருந்தது. பெரியவர்கள் அதட்டுவார்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். நீதான் முதல்முறையாக எனக்குச் சரிசமமாக ஒரு பதில் கொடுத்தாய். கொடுத்துவிட்டு, சட்டையைப் பிழிந்துகொண்டே, "அந்த பொண்ணுக்கு நெத்தி ரெண்டு நாளு வீங்கிப்போச்சு தெரியுமா" என்று கேட்டாய். தெரியும் நைனா, தப்புதான் என்றேன். வார்த்தை அத்தனை சுலபமாக வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாய்.

அதற்கப்புறம் நாம் இருவரும் அந்தத் தெருவையே ஒரு வழி பண்ணினோம். பித்தளையில் ஒன்று பளபளத்தது. வாய் குறுகல், உள்ளே கை நுழையாது, கறை பிடித்தால் எப்படிக் கழுவுவது என்று நான் வேண்டாம் என்றேன். கண்ணாடியில் ஒன்று அழகாக இருந்தது. நம்ம வூட்ல ஒரு வாரம் தாங்காது என்று நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். நாலாவது கடையில் வெள்ளைப் பீங்கான். மூக்கின் அடியில் உட்புறமாக ஓட்டைகள் இருந்தன, இலை அங்கேயே நின்றுவிடும். வயிறு அகலம், இலை விரிய இடம் இருந்தது. மூடியில் ஒரு சின்னப் பல், சாய்த்தாலும் விழாது. நீ விடவில்லை. மூன்று கூஜாக்களில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்து, ஊற்றி நிமிர்த்தியதும் மூக்கின் அடியில் ஒரு சொட்டு வழிகிறதா என்று பார்த்தாய். முதலாவது வழிந்தது. ஆயில் லீக்கு என்று ஒதுக்கினாய். இரண்டாவது லேசாக வழிந்தது. மூன்றாவது ஊற்றினால் ஊற்றியது, நிறுத்தினால் நின்றது. "பிரேக்கு நல்லா கீது" என்றாய். கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாங்க வந்தீங்களா, சர்வீஸ் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது அது என் மடியில் இருந்தது. ஒருத்தருக்குக் கூஜா தூக்குவது என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன். காற்றில் காதில் விழவில்லை என்று நினைத்தேன். பாலம் தாண்டும்வரை உன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கூஜாதான். மூன்று மாதத்தில் பழைய ரூட் திரும்பக் கிடைத்தது. அப்போதும் ஞாயிறு சாயங்காலத்தை நீ விட்டுக்கொடுக்கவில்லை. வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, டீ ஊறுகிற அந்த நாலு நிமிஷத்தில் ஸ்கூல் கதை எல்லாம் கேட்பாய். நான் பாதி நிஜம், பாதி புளுகு கலந்து சொல்வேன். எது எது என்று நீ கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவாய். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதை மட்டும் புளுகு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இன்னும் சில நாள் தோன்றுகிறது.

இன்று காலை, அம்மா ஜன்னல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழும் என்று பயந்தவள் மாதிரி, "இது இல்லன்னா இன்னா இப்ப" என்றாள். "டம்ளர்ல போட்டு தட்டு மூடி வெச்சா போதும்னுதான் அந்த அசாம்காரு சொன்னாராம். கூஜாவே வேணாமாம்."

எனக்குப் புரியவில்லை. அப்படியென்றால் நைனா ஏன் கூஜாதான் வேண்டும் என்று நின்றது என்று கேட்டேன்.

"வேற எதுக்கு. தெனம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து கேப்பாரு, எதுனா சொன்னாளா, எதுனா சொன்னாளான்னு. நீ வாயத் தொறக்கல. அவருக்கும் எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெர்ல. ஒன்ன எங்கியாவது இட்டுகினு போவணும். அதுக்குத்தான்."

இத்தனை நாளாக நான்தான் உன் வாயைத் திறந்துவிட்டேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பேசவைக்க நீதான் மூன்று கடை, நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறாய். நான் ஒரு ரிங்டோன் வைத்து உன்னை ஏமாற்றினேன். நீ ஒரு கூஜா வைத்து என்னை ஏமாற்றியிருக்கிறாய். உன்னுடையதில் யாருக்கும் நெற்றி வீங்கவில்லை. அன்று நீ வாங்கியது கூஜாவே இல்லை நைனா, சாக்கு. சாக்கு என்றால் பெரிதாக, கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உன்னுடையது வெள்ளையாக, மூன்று டம்ளர் பிடிக்கிற அளவில் இருந்தது.

அதற்கு நன்றி. தவறு செய்தவள் நான், வழி தேடியவன் நீ. இனி யாரோடு எனக்குப் பேச்சு நின்றாலும், யார் முதலில் பேசுவது என்று உட்கார்ந்திருக்கமாட்டேன். கடைக்குப் போகலாமா என்று கேட்கத் தெரிந்துவிட்டது.

கேட்டும்விட்டேன். புது கூஜா வாங்கணும்மா, மாமல்லபுரம் போகலாமா என்று. டம்ளர் போதும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிலும் அவள் இலை டீயே குடிக்கமாட்டாள். அம்மா உடைந்த மூக்கைக் கையில் எடுத்தாள். "பச்ச கலர்ல கெடைக்குமா?" என்றாள். வெள்ளையில் கறை தெரிந்து தெரிந்து அவளுக்கு இரண்டு வருஷமாக எரிச்சலாம். வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமாம். உனக்கு ரசனை என்பதே கிடையாதாம், கல்யாணத்துக்கு நீ எடுத்த புடவையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதாம். அந்தப் புடவைக் கதை எனக்குத் தெரியாது. இன்னும் நிறைய வைத்திருப்பாள் போலிருக்கிறது.

செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், பஸ் போய்விடும் என்கிறாள். மீதியை அவளிடம் பேசிக்கொள்கிறேன்.