தெற்குச் சுவருக்கு ஒரு மரம்

சரதோவ்
4 நவம்பர் 1998

அன்புள்ள மவ்ஸுனாவுக்கு,

நான் நலம். நீயும் ஷஹ்லோவும் நலமாயிருக்க வேண்டும். நம் ஊர் ஹமீத் ரயிலில் இஸ்ஃபாரா வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் குழந்தைக்குக் கம்பளிக் காலுறையும் கொடுத்திருக்கிறேன். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கட்டடத்தில் இப்போது உள்பூச்சு வேலைதான் நடக்கிறது.

தெற்குச் சுவரோரம் நின்ற ஆப்ரிகாட்டை வெட்டிவிட்டதாக அண்ணன் எழுதியிருந்தார். பட்டுப்போன மரம், வெட்டியது சரிதான். ஆனால் அதை நீ ஏன் எனக்கு எழுதவில்லை? பக்கத்து வீட்டு கோதிர் மேல்மாடி எழுப்புகிறாராம், ஜன்னலை நம் முற்றத்தைப் பார்த்து வைக்கிறாராம். அதையும் நீ எழுதவில்லை.

அந்த இடத்தில் அர்ச்சா மரம் வைத்துவிடு. அண்ணன் மலையிலிருந்து கன்று கொண்டுவருவார். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இலை கொட்டாது, பெருக்க வேண்டாம், கத்தரிக்கவும் வேண்டாம். குளிரோ கோடையோ, அடுத்த வீட்டுக் கண் உள்ளே விழாது.

மார்ச்சில் நவ்ருஸ் பண்டிகைக்கு வரப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உன்
யோத்கோர்


இஸ்ஃபாரா
29 நவம்பர் 1998

ஷஹ்லோவின் அப்பாவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது, காலுறையும் வந்தது. காலுறை சின்னதாகிவிட்டது. நீங்கள் போனபோது பார்த்த கால் அளவு அது. அவளுக்கு இப்போது ஏழு வயது.

மரம் பட்டது ஒரு செய்தியா என்று எழுதாமல் விட்டேன். உங்கள் அண்ணன் எழுதுவார் என்று தெரிந்திருந்தால் முந்திக்கொண்டிருப்பேன்.

அர்ச்சா நல்ல மரம்தான், மலையில். தெற்குச் சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போகிறது. அந்தக் கொஞ்ச வெயிலையும் அர்ச்சா மறித்துவிடும். முற்றத்துப் பனிக்கட்டி மார்ச் வரை கரையாது. ஷஹ்லோவுக்கு மார்புச் சளி, பகல் முழுக்க நம் அறை ஜன்னல் வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆப்ரிகாட் என்றால் கோடையில் மரக்கட்டிலுக்கு நிழல் தரும், குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு வெயிலை உள்ளே விடும். இலையை ஆடு தின்னும். காயவைக்கப் பழமும் ஆச்சு.

மறைப்புக்கு என்கிறீர்கள். இலை இல்லாத மாதங்களில் முற்றத்தில் யார் உட்காரப்போகிறார்கள், பார்ப்பதற்கு? நாங்களே அடுப்படியை விட்டு நகருவதில்லை. இன்னொன்று, அர்ச்சா வருஷத்துக்கு ஒரு விரல் வளரும். அது மாடி ஜன்னலை எட்டுவதற்குள் எனக்குப் பல் போய்விடும். கோதிர் மாமாவுக்கோ இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் என் ஆட்டைத் தன் ஆடு என்று ஓட்டிக்கொண்டு போனார்.

பெருக்க வேண்டாம், பார்க்க வேண்டாம் என்று மரம் தேடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள எண்ணம் உள்ளவர் அப்படி மரம் தேடுவாரா?

இப்படிக்கு
ஷஹ்லோவின் அம்மா


சரதோவ்
20 டிசம்பர் 1998

மவ்ஸுனாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோதிருக்குக் கண்ணில் புரை என்று உனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தாயா? அவருக்குப் புரை என்றால் அவர் மகனுக்குமா புரை? மாடி யாருக்காகக் கட்டுகிறார்கள்?

ஐந்து மாதம் மொட்டையாக நிற்கிற மரம்தான் வேண்டும் என்று ஒரு பெண் ஏன் அடம்பிடிக்க வேண்டும்? வெயில் என்கிறாய், சளி என்கிறாய். எல்லாம் காரணம்தான். வெளியூரில் கிடப்பவனுக்குக் கண் இல்லை, நீங்கள் எழுதுவதுதான் அவனுக்குக் கண். நீ எழுதாமல் விட்டது இன்னும் எத்தனையோ.

அர்ச்சாவை வை. மறுபேச்சு வேண்டாம்.

யோத்கோர்


இஸ்ஃபாரா
22 பிப்ரவரி 1999

ஷஹ்லோவின் அப்பாவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. கோபம்தான். கோதிர் மாமாவின் கண் புரை ஊருக்கே தெரியும், அவர் கழுதைக்கும் தெரியும். அவர் மகன் தன் பெண்டாட்டியைக் கூட்டிவந்தாயிற்று, அந்தப் பெண் ஜன்னலுக்குத் தடித்த திரையும் போட்டாயிற்று. என்னைப் பற்றி நீங்கள் அப்படி நினைத்ததை நான் மறக்கப்போவதில்லை.

உங்கள் அண்ணன் அர்ச்சாக் கன்று கொண்டுவந்தார். தகர டப்பாவில் மண் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். நடவில்லை. நீங்கள் வந்து இரண்டு மரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள், அதன்படி நடுவோம் என்று இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். வாய்க்காலோரம் உங்கள் பங்கு நிலத்தில் அண்ணன் வரிசையாகப் பாப்லர் போத்து நட்டிருக்கிறார். எண்ணினேன், நாற்பது. ஆண்பிள்ளை பிறந்தால் நடுகிற கணக்கு. நீங்கள் பிறந்தபோது உங்கள் அப்பா நட்ட நாற்பது பாப்லரும்தான் இன்று நம் தலைக்கு மேல் உத்திரமாக இருக்கின்றன. அண்ணன் வீட்டுக்கு இன்னும் மருமகளே வரவில்லை. எந்தப் பையனுக்கு இந்த வரிசை? கேட்டேன். "வெறகுக்குத்தான்மா, வேற எதுக்கு"ன்னு சொல்லிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார். விறகுக்கு யாராவது கயிறு பிடித்து நேர்கோட்டில் நடுவார்களா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஷஹ்லோவின் அம்மா


சரதோவ்
8 மார்ச் 1999

என் அன்பான மவ்ஸுனாவுக்கு,

இன்று பெண்கள் தினம், உன்னை நினைத்துக்கொண்டேன். போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், வேலைக் களைப்பு. நீ சொன்னதை நிதானமாக யோசித்தேன். நீ சொல்வதுதான் சரி. தெற்கில் இலை உதிர்க்கிற மரம்தான் பொருத்தம். ஆப்ரிகாட்டோ வாதுமையோ, உனக்குப் பிடித்ததை வை. நான் அதில் தலையிடவில்லை. குழந்தைக்கு வெயில் முக்கியம்.

பாப்லர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. மாட்டுத் தொழுவத்துக்குக் கூரை போட நான்தான் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வாய்க்கால் முறை நம்முடையது, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள். கன்று வாடாமல் இருக்கட்டும்.

நவ்ருஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. இலையுதிர்காலத்தில் பார்ப்போம்.

என்றும் உன்
யோத்கோர்


இஸ்ஃபாரா
28 மார்ச் 1999

யோத்கோருக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

உங்கள் கடிதம் நவ்ருஸுக்கு முந்தின நாள் வந்தது. அண்ணனுக்கு விறகு, உங்களுக்குத் தொழுவம். நம்மிடம் மாடே இல்லை. அதைவிட, நாலு மாதமாக ஒரு மரத்துக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர், பாப்லர் என்று எழுதியதும் ஒரே நாளில் என் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

மறுநாள் அண்ணன் வீட்டு முற்றத்தில் பண்டிகைக்கு முளைக்கோதுமைச் சுமனக் கிண்டிக்கொண்டிருந்தோம். அண்டாவைச் சுற்றிப் பத்துப் பெண்கள். அண்ணன் தேநீர் கேட்டு வந்தார். கோப்பையை நீட்டிக்கொண்டே, எல்லாம் தெரிந்தவள் மாதிரி கேட்டேன்:

"பையன் யாரு ஜாடை அத்தான்?"

"மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு. போட்டோல பாத்தா..."

தேநீர் அவர் கையில் கொட்டியது. ஓரகத்தி கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு வந்தாள். "இந்த மனுசனுக்கு வாய் சும்மா கெடக்காது. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம் மவ்ஸுனா" என்றாள்.

"பொறந்தது ஜனவரியிலயா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் உட்கார்ந்து மிச்சச் சுமனக்கையும் கிண்டி முடித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன்.

என் முற்றத்தை யார் பார்க்கிறார்கள் என்று அங்கிருந்து காவல் காத்தீர்கள். ஒரு கிழவரின் குருட்டுக் கண்ணுக்குக்கூட என்னிடம் கணக்குக் கேட்டீர்கள். அந்தக் கடிதங்களை எழுதும்போது பக்கத்து அறையில் அவள் இருந்தாளா? சரதோவில் ஒரு பையனை ஒளித்து வைக்க உங்களால் முடிந்தது. ஆனால் பையன் பிறந்தால் பாப்லர் நடாமல் இருக்க மட்டும் முடியவில்லை, அதுவும் நான் தினமும் தண்ணீர் எடுக்கிற வாய்க்காலில்! சிரிப்பும் வந்தது எனக்கு, உங்களை நினைத்து.

நவ்ருஸுக்கு மூன்றாம் நாள் தெற்குச் சுவரில் ஆப்ரிகாட் நட்டேன். குழி தோண்டும்போது ஷஹ்லோ, "அந்த நாப்பது மரம் யாருக்கும்மா?" என்று கேட்டாள். ஒரு தம்பிக்கு என்றேன். "எனக்கு ஏன் நடல? பொண்ணுன்னா நடமாட்டாங்களா?" என்றாள். இது உன் மரம் என்று சொன்னேன். கன்றைப் பிடித்துக்கொண்டு அவளே மண் தள்ளினாள்.

அர்ச்சாவை மலையடிவாரத்தில் உங்கள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நீங்கள் கேட்ட குணமெல்லாம் அதற்கு உண்டு. யாரும் பார்க்க வேண்டாம், பெருக்க வேண்டாம், எப்போதும் பச்சையாக நிற்கும். அங்கே யாரையும் மறைக்கவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் முறை வந்தது. மண்வெட்டியோடு மடையில் நெடுநேரம் நின்றேன். பிறகு பாப்லருக்குத் திறந்துவிட்டேன். பச்சைப்பிள்ளை பேரில் நட்டது, வாடவிட மனசு வரவில்லை. இந்தக் கோடை முழுக்க விடுவேன். அதற்குப் பிறகு உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.

இலையுதிர்காலத்தில் வருவதாக எழுதியிருந்தீர்கள். வந்தால் அண்ணன் வீட்டில் இறங்குங்கள். இந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

எனக்கு இனிக் கடிதம் வேண்டாம். ஷஹ்லோவுக்கு எழுதுங்கள். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

மவ்ஸுனா