முத்துப்பார் நாடாவின் இரண்டாம் பிரதி

அனுப்புநர்:
பே. ஆறுமுகத்தாய்,
அட்டைத் துளைப்பு எழுத்தர்,
முத்துச்சிப்பி ஆய்வு நிலையம்,
தூத்துக்குடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முத்துச்சிப்பி ஆய்வுத் துறை,
சென்னை.

பொருள்: காந்த நாடாவின் மறுபிரதியை ஸ்ரீவைகுண்டம் கிளையில் வைக்கவும், என்மீதான குறிப்பாணையை விலக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நல்ல செய்தி. பதினோராண்டு முத்துப்பார்க் கணக்கெடுப்பு முழுவதும் பிழைத்துவிட்டது. கணிப்பொறியில் நம் முறை வர எட்டு மாதமானாலும், அச்சிட்ட தாள்கள் சென்ற மாதம் வந்து சேர்ந்தன. நானே சரிபார்த்தேன். ஓர் அட்டையின் வரிசை எண்கூட விடுபடவில்லை.

2. ஆண்டுதோறும் முத்துக்குளிப்பவர்கள் கடலடிப் பாறைத்திட்டுகளாகிய பார்களில் மூழ்கி எண்ணிச் சொன்ன சிப்பிகளின் கணக்கை, கணிப்பொறி படிக்கும் அட்டைகளில் நான் துளையிட்டேன். சென்னையில் அவற்றைக் காந்த நாடாவில் பதிந்து, இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள். நாற்பதாயிரம் அட்டைகளில் இருந்தது சாப்பாட்டுத் தட்டளவுச் சுருள் ஒன்றில் அடங்கியது. ஆனால் இரண்டு சுருள்களும் ஒரே பீரோவில், கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்கப்பட்டன. கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும் என்று இருமுறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

3. ஆகவே சென்ற அக்டோபரில் ஒரு சுருளைத் தகரப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுபோய், ஸ்ரீவைகுண்டம் கிளை எழுத்தர் திருமதி ஞானதீபத்திடம் ஒப்படைத்தேன். அனுமதி பெறாதது என் தவறே. கண்காணிப்பாளர் திரு. கிருபாநிதி அவர்கள் தந்த குறிப்பாணையைக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டேன்.

4. நவம்பர் மழையில் பதிவறைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. அட்டைகள் உப்பி ஒட்டிக்கொண்டன. பீரோவிலிருந்த சுருள் சேறாயிற்று. முதல் ஆண்டிலிருந்தே முங்கி எண்ணிய ரோச் அண்ணாச்சி ஓடி வந்து பார்த்துவிட்டு, "எம்மா, அன்னைக்கு நா எண்ணுன சிப்பி இன்னைக்கு அங்கன கெடக்காதே. திரும்ப முங்கி எத எண்ண?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீவைகுண்டத்துச் சுருளைச் சென்னைக்கு அனுப்பி, அதிலிருந்து அச்சிட்ட தாள்கள் வந்ததும் அவரை அழைத்து, 1966 மார்ச்சில் அவரது முதல் முழுக்கை வாசித்துக் காட்டினேன்: எட்டுப் பாகம், அதாவது நாற்பத்தெட்டு அடி ஆழம், நாற்பத்து மூன்று சிப்பி. சற்று யோசித்து, "அன்னைக்குத் தண்ணி கலங்கல்லா. இன்னும் ரெண்டு மூணு இருந்திருக்கும்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். எண்ணை நான் மாற்றவில்லை.

5. குறை இதுதான். பிழைத்த அந்த ஒரே சுருளும் சென்னையிலிருந்து திரும்பி வந்து, இப்போது அதே ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அச்சுத் தாள்களும் அதே அறையில்தான். கண்காணிப்பாளரைக் கேட்டதற்கு, "மேலேருந்து ஆர்டர் வராம நா என்னம்மா செய்ய?" என்றார். அதுவும் நியாயமே. குறிப்பாணை பெற்றவளாதலால் இம்முறை நானும் அதைத் தொடவில்லை.

6. எனவே மறுபிரதி எடுத்து ஸ்ரீவைகுண்டத்தில் வைக்கவும், ஆண்டுக்கொருமுறை இரண்டையும் ஓட்டிச் சோதிக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். குறிப்பாணையால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அது பதிவேட்டில் நிற்கும்வரை, அடுத்து இந்த நாற்காலியில் உட்காருபவர் எதையும் காப்பாற்றத் தயங்குவார். அதற்காகவே விலக்கக் கேட்கிறேன்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஓர் ஆணை வந்து சேர அது போதுமென நம்புகிறேன்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 28-8-1978

பணிவன்புடன்,
பே. ஆறுமுகத்தாய்