குணாவைப் பூட்டிய ஸ்ரீவேல்

12, திங்கள்
கடை கம்ப்யூட்டர் திரையின் மூலையில் புதுசாகச் சந்தனப் பொட்டு. ஈரம்கூடக் காயவில்லை. வெளியே நல்ல மழை, குளுவாங் பஸ் ஸ்டேஷன் பக்கம் முழுக்கத் தண்ணீர்.

முதலாளி குணா அண்ணன் நேற்று கடைப் பேரை மாற்றிவிட்டார். எண் ஜோசியர் சொன்னாராம். ‘குணா ஆன்லைன்’ போய் ‘ஸ்ரீவேல் ஆன்லைன்’. பலகை, ரப்பர் முத்திரை, எல்லாம்.

பிரவுசர் திறக்கவில்லை. அதாவது உள்ளே இருக்கிற பிரவுசர். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி அண்ணன் ஒன்று போட்டிருக்கிறார். ஜனங்கள் கொண்டுவரும் பென்டிரைவ் வைரஸ் வெளியே வராமல் இருக்க. ஜனங்களுக்கு நாங்கள் போட்டுக்கொடுக்கிற விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான். இன்று ஒரு நீளமான இங்கிலீஷ் எச்சரிக்கை மட்டும் வருகிறது.

அண்ணன் பாதி வாசித்துவிட்டு, “அலமாக்! வேற கம்ப்யூட்டர்னு போட்டிருக்கு. எவனோ உள்ள பூந்துட்டான்!”

ஆறு தடவை ஆஃப், ஆன். நெட் வயரைக் கழற்றி மாட்டினேன். பிரயோஜனம் இல்லை. பசி.

13, செவ்வாய்
அதே எச்சரிக்கை.

மகேஸ் அக்கா வந்தார். கோழித் தொழிற்சாலை சீருடையோடு. மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இடம் போய்விடும். விண்ணப்பம் இங்கேதான் போட்டோம், பாஸ்வேர்ட் அந்தப் பிரவுசருக்குள் மட்டும்தான் இருக்கிறது. புதுசு கேட்டால் பழைய போன் நம்பருக்குப் போகும். அந்த சிம் தொலைந்தே போச்சு.

“பாப்பா, செஞ்சிருவேல்ல?”
தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேனோ.

14, புதன்
அண்ணன்: “வெள்ளிக்கிழமை காலையில மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுடுறேன். திருடன் இருக்கிற வீட்டுல குடியிருக்க முடியுமா?”

அழித்தால் மகேஸ் அக்காவின் பாஸ்வேர்ட்? கேட்க நினைத்தேன். கேட்காமல் பிரிண்டருக்குத் தாள் போட்டேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்.

15, வியாழன்
எச்சரிக்கையை முழுசாக ஒரு தாளில் எழுதி, போன் அகராதியில் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம். இரண்டு வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போனார்கள்.

அர்த்தம்: இந்தப் பிரவுசரை வேறொரு கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது, அதனால் பூட்டியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் பேர்: குணா.

குணாவா? அது நாங்கதானே!

உள் கம்ப்யூட்டரின் பேரைத் தேடிப் பார்த்தேன். ஸ்ரீவேல்.

“அண்ணே, உள்ள இருக்கிறதுக்கும் பேர் மாத்தினீங்களா?”
“பின்ன? வெளிய மட்டும் மாத்தினா பலிக்குமா?”
“பிரவுசரை மூடிட்டுத்தானே மாத்தினீங்க?”
“நல்ல நேரம் முடிய ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. மூடிக்கிட்டு இருக்க முடியுமா? டப்புனு ஆஃப் பண்ணிட்டேன் லா.”

நாலு நாள். நாலு நாள்! திருடனும் இல்லை, வைரஸும் இல்லை. பிரவுசர் திறந்திருக்கும்போது கம்ப்யூட்டர் பேரில் ஒரு பூட்டுப் போடும், ஒழுங்காக மூடினால்தான் எடுக்கும். குணா பூட்டிவிட்டுப் போனார், திரும்பி வந்தபோது பேர் ஸ்ரீவேல். பிரவுசருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

சொல்லிப் பார்த்தேன். அண்ணன் டீ வாங்கப் போய்விட்டார்.

16, வெள்ளி
எட்டு மணிக்கே வந்தேன். எச்சரிக்கைக்குக் கீழே ‘பூட்டை எடு’ என்று ஒரு பொத்தான். திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறது. பயத்தில் நாங்கள் தொடவே இல்லை.

கை வைக்கும்போது அண்ணன் உள்ளே வந்தார். “ஏய், கைய எடு! திருடனுக்குக் கதவத் தொறந்து விடுறியா?”

“திருடன் இல்லண்ணே. அது நீங்கதான்.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அழுத்தினேன். திறந்தது. காலேஜ் பக்கம், பாஸ்வேர்ட் இடத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் அப்படியே.

மகேஸ் அக்காவுக்கு போன் போட்டேன்.