மெழுகுக் கடலில் எட்மண்டின் தோணி

ஆவடி, 20 ஏப்ரல் 1942

அன்புள்ள மருமகள் ஜெயகுமாரிக்கு,

மாதா துணையால் தையல் வகுப்பும் நானும் நலம். உன் இருமல் நின்றதா?

ஒரு சிறு விஷயம், கவலைப்படாதே. என் மகன் எட்மண்ட் குண்டு விழுந்த கொழும்பிலிருந்து பத்திரமாகத் திரும்ப வேண்டி, அவன் தோணியைப் போலவே ஒன்று செய்து மாதா பீடத்தில் வைப்பதாக நேர்ந்துகொண்டேன். பாய்களை நானே தைத்தேன்; ஒரு தையலும் பிசகவில்லை. கடலுக்கு நீல மெழுகை உருக்கி ஊற்றினேன். அது ஆறும்வரை பொறுக்காமல் வைத்ததால், தோணி பாதி அமிழ்ந்து சாய்ந்தபடியே இறுகிவிட்டது.

"இன்னாம்மா, கப்பலு மூய்கிகினு கீதே!" என்று சமையற்கார எல்லம்மா சிரித்தாள். அதட்டினேன். உன் மாமனாரைக் கொண்டுபோனதும் அதே கடல்தானே.

பிடுங்கினால் உடையும், உருக்கினால் முழுதும் அமிழும்.

வெள்ளை நூல் இரண்டு கண்டு அனுப்பு. அவன் கடிதம் வந்திருந்தால் தந்தி கொடு. அதன்பிறகே மெழுகை உருக்க அடுப்பு மூட்டுவேன்.

தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் மாமியார்,
ரோஸி