ஆளுக்குப் பாதி அசல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாக்கெட் கடிகாரத்தைக் கைக்கடிகாரமாக மாற்றியது என்று சொல்லி விற்பதில் பாதி போலி என்று நீ எழுதினாலும் எழுதினாய், உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தா தனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்த அந்த மாதிரிக் கடிகாரத்தில் தன்னுடையதுதான் அசல் என்று நிரூபிக்க மறுநாளே கடிகாரம் ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. அசல் என்னிடம்தான் என்று இவரும், இல்லை என்னிடம்தான் என்று உன் சித்தப்பாவும் பதினொரு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உன் கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை, நானும் உன் சித்தியும் மார்க்கெட்டில் திருட்டுத்தனமாகப் பேசிக்கொள்வதோடு சரி.

ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்துவிட்டு மெஷின் அசல்தான் என்றார். அப்போது உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர் மூடியைத் திருப்பி, "மெஷின்ல இருக்கிற நம்பர் மூடிக்குள்ளயும் இருக்கணும் சார், இது மொட்டையா இருக்கே, கூடு புதுசு" என்றார். அதோடு விட்டாரா, இந்த நம்பரை எங்கோ பார்த்தேனே என்று நோட்டைப் புரட்டினார். இதே நம்பர் போட்ட பழைய வெள்ளிக் கூடு, உள்ளே மலிவான மெஷின், போன மாதம்தான் ஒருவர் சரிபார்க்கக் கொண்டுவந்தாராம். ஆளும் சார் ஜாடைதான் என்றார். தாத்தா ஒரே கடிகாரத்தைப் பிரித்து, உனக்குத்தான் அசல், யாரையும் திறக்க விடாதே என்று இரண்டு பேர் காதிலும் ஓதியிருக்கிறார். பங்கு பிரிப்பதில் என் மாமனாரை மிஞ்ச ஆளில்லை.

நான் சித்திக்கு ஃபோன் போட்டேன், அண்ணன் தம்பி இருவரையும் கடிகாரத்தோடு கடைக்கு வரவழைத்தோம். ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சேர்த்துவிட்டால் ஒன்று முழு அசல், மற்றது முழுப் போலி, யாருக்கு எது என்று ரிப்பேர்காரர் கேட்டார். இருவரும் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் சித்தப்பாதான், "அப்பா பிரிச்சது பிரிச்சபடியே இருக்கட்டும், மூடிக் குடுங்க" என்றார். உன் அப்பா தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, முழங்கால் வலி என்று சமாளித்தேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், அசல் மெஷின் நாளுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது, சித்தப்பாவின் மலிவு மெஷின் பிசகாமல் ஓடுகிறது. நம் வீட்டில் மூன்று சுவர்க் கடிகாரமும் இரண்டு ஃபோனும் இருந்தாலும், நேரம் சரிவைக்க இவர் ஞாயிறு தவறாமல் தம்பி வீட்டுக்குத்தான் போகிறார். முள்ளைத் திருப்பிவிட்டு வர மூன்று மணி நேரமாகிறது.

சித்தப்பாவுக்கு உன் கல்யாண ஃபோட்டோ ஒன்று அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அந்த மெஷினைச் சரிசெய்ய அங்கே நல்ல ஆள் இருக்கிறார் என்று தப்பித்தவறிக்கூட அப்பாவுக்கு எழுதிவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா