மருமகளின் வயர்ப் பெட்டி

சித்திரை 22, திங்கள்

வெயில். காற்றில்லை. மோட்டார் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் என்று லைன்மேன் சொல்லிவிட்டான். மரவள்ளி சுருண்டு கிடக்கிறது.

காலையிலிருந்து மருமகள் பெட்டியோடு. மேற்கு அறை முழுக்க அவளுடையது. பெங்களூரில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்களாம், அதனால் இங்கே வந்துவிட்டாள். இங்கே இருக்கிறவர்களுக்குக் காது கிடையாது என்று நினைப்பு. மகன் செல்வம் வேலையை விட முடியாமல் அங்கேயே. சனிக்கிழமை ரயிலில் பொம்மிடியில் இறங்கி வருவான், ஞாயிறு போய்விடுவான். வந்தால் அவளோடு பேச்சு, அவன் அம்மாவோடு பேச்சு. என்னிடம் 'மாத்திரை போட்டியாப்பா'. அவ்வளவுதான்.

கல்யாணம் மைசூரில் நடந்தது. நான் போகவில்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வாங்க: யூரியா, பல்லுக்குப் பொடி, நோட்டுக்கு ஒரு பேனா.

சித்திரை 23, செவ்வாய்

வெயில் நேற்றைவிட. ஏர்கூலர் அவள் அறையில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே போய் உட்கார்ந்தேன். அதற்காக மட்டுமே.

சு. (மருமகள், சுமா) நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். போன மாதம் சத்தம் பொறுக்காமல் நான் மெயினை அணைத்ததை மறந்திருக்க மாட்டாள். வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரி பழனியம்மாள் இரண்டு நாளைக்கு ஒரு தரம் அந்தப் பேச்சை எடுத்து விடுகிறாள்.

பெட்டி: சினிமாவுக்குச் சத்தம் உண்டாக்குகிற கருவி, சிந்தசைசர் என்கிறாள். மரச்சட்டம். உள்ளே சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஓட்டை, திருகு, விளக்கு. பெயரெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழ் எழுத்தே நாற்பது வயதுக்கு மேல் இரவு வகுப்பில் வந்தது. இது ஒரே பெட்டி இல்லையாம். ஒவ்வொரு தகடும் தனி ஆள். வயர் போட்டால்தான் ஒருவனோடு ஒருவன் பேசுவான். வயர் போடாவிட்டால் கூடவே இருந்தும் அன்னியர்கள்.

இந்த வீட்டுக்கு வேறு பெட்டி எதற்கு.

சித்திரை 24, புதன்

கேட்டேன். கேட்காமல் எவ்வளவு நேரம் உட்காருவது.

முதல் தகடு கத்துகிறவன். கரண்ட் கொடுத்த நேரத்திலிருந்து நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருப்பான், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அடுத்தவன் வடிகட்டி. கத்தலில் கூரானதை அறுத்து அடியில் இருப்பதை மட்டும் விடுவான். அதற்கும் அடுத்தது கதவு. கதவு திறந்தால் சத்தம் வெளியே வரும், மூடினால் வராது. உள்ளே கத்தல் நிற்பதில்லை, நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கதவு தானாகத் திறக்காது. திறக்கச் சொல்ல ஒரு தகடு: சட்டென்று திற, மெல்ல மூடு என்று.

"ஒயருல ரெண்டு விசயம் போகும் மாவா. ஒன்னு சத்தம். இன்னொன்னு சொல்லு. சொல்லு காதுக்குக் கேக்காது. ஆனா அதுதான் எல்லாத்தையும் ஆட்டும்."

மாமனாருக்குக் கன்னடத்தில் மாவா. தமிழ் பேசும்போதும் அதை மட்டும் விடமாட்டாள்.

சத்தம் போடுகிறவன் நான், கதவு பழனியம்மாள் கையில் என்றேன். சிரித்தாள். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதல்ல.

பால்காரன் இன்று தண்ணீரைக் குறைத்திருக்கிறான்.

சித்திரை 25, வியாழன்

இரண்டு கத்துகிறவர்களின் வெளி ஓட்டையை ஒரே வயரால் கோத்துப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள். வெளியே வருவதையும் வெளியே வருவதையும் சேர்க்கக் கூடாதாம், ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளுமாம். நடுவில் ஒரு கலக்கி வேண்டும்.

எனக்குத் தெரியாததா. நானும் அண்ணனும் இரண்டு கிணற்று மோட்டாரை ஒரே குழாயில் சேர்த்தோம், நடுவில் வால்வு வைக்காமல். அவன் மோட்டாரை நிறுத்திய நேரத்தில் என் தண்ணீர் அவன் கிணற்றில் போய் விழுந்தது. அவன் அன்று பச்சைக் கரை வேட்டி, கையில் சோளக்கதிர், மென்றுகொண்டே சொன்னான், 'உந்தண்ணி எது எந்தண்ணி எதுன்னு பேரா எழுதியிருக்குது?' அதோடு பேச்சு நின்றது. அவன் செத்தபோதுதான் அவன் வாசலை மிதித்தேன்.

இந்தப் பெட்டியில் ஒரு சங்கதி வயிற்றெரிச்சல். ஒரு சொல்லை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் நான்கு பேருக்கும் முழுசாகப் போகிறது. குறைவதில்லை. நான் பிரித்துக் கொடுத்தது எதுவும் அப்படிப் போனதில்லை.

சொல்லை எவ்வளவு கேட்டுக்கொள்வது என்பதற்கும் ஒரு திருகு. செல்வத்துக்கு அது அடியோடு மூடிக் கிடக்கிறது.

சித்திரை 26, வெள்ளி

பழனியம்மாள் கோயிலுக்குப் போய்விட்டாள். இட்லி ஆறிப் போயிற்று.

சு. ஒரு படத்துக்குச் சத்தம் செய்கிறாள். மலைக்கு அடியில் எதுவோ மூச்சு விடுகிற மாதிரி வேண்டுமாம். பத்துப் பதினைந்து வயர், கொடி படர்ந்த மாதிரி. இன்று போட்டுக் காட்டினாள்.

எனக்குத் தெரிந்த சத்தம். போர்வெல் போடும்போது தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று ஏறும், அது. கரட்டுக் காட்டில் போட்ட போரில் அந்தச் சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்தது. பழனியம்மாள் கற்பூரத்தோடு வந்தாள். காற்று மட்டும்தான் வந்தது. எல்லாரும் போன பிறகும் நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. நல்லா இருக்குது என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தாள். நான் அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை.

இதைத் திரும்ப எப்போது வேண்டுமானாலும் போடலாமா என்று கேட்டேன். முடியாதாம். "இதுக்கு ஞாபகம் கெடையாது மாவா. ஒயர புடுங்கினா, திருகு கொஞ்சம் நகந்தா போச்சு. இதே சத்தம் மறுபடி வராது. கிட்டத்துல வரும், இது வராது."

எனக்கு நேர் எதிர். என்னிடமிருந்து ஒரு வயரையும் எவனாலும் பிடுங்க முடியவில்லை.

சித்திரை 27, சனி

சு. பெங்களூர் போனாள். இந்த வாரம் செல்வம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை படக்காரரைக் கூட்டி வருவாள். ஒரு துண்டு பதிந்து அனுப்பியிருக்கிறாள், அவருக்குப் பிடித்துவிட்டது. நேரில் வந்து படத்தை ஓட்டிக்கொண்டே இங்கே கூட்டு, இங்கே குறை என்பாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் வருசம் முழுக்க வேலை, இங்கேயே இருந்து செய்யலாம். இதை அவள் பழனியம்மாளிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகும்போது என்னிடம், "அறைய பாத்துக்கோங்க மாவா." ப.வைத் (பழனியம்மாள்) தாண்டி என்னிடம் சொன்னாள்.

பெட்டியைப் போனில் போட்டோ பிடித்துக்கொண்டு போனாள். அதைக் கவனித்தேன்.

சித்திரை 28, ஞாயிறு

கடத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். மதியம் மேற்கே கறுத்தது. இடி. சரியான மழை, ஆலங்கட்டி இல்லை. மாங்காய் உதிர்ந்திருக்கும். நனைந்து வந்தேன்.

ப. எல்லா வயரையும் பிடுங்கியிருக்கிறாள்.

இடி இடித்தால் வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்குவது வழக்கம்தான். ஒரு வருசம் இடி இறங்கி டி.வி., ஃபேன், மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் கருகின. அன்றிலிருந்து முதல் இடிக்கே ஓடுவாள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாதா. டிஷ் வயரையும் பின்னால் கழற்றுகிறோமே, அந்த மாதிரி நினைத்து இதிலும் ஒன்று விடாமல். வயரையெல்லாம் முறத்தில் போட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. பெட்டியை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். திருகெல்லாம் பளபள.

"தூசியா இருந்துச்சுங்க. புள்ள வர்றப்ப சுத்தமா இருக்கட்டுமேன்னு."

போன் போட்டுச் சொல் என்றேன். முடியாது என்றாள். என் கையில் போனைத் தரவும் இல்லை. "நீங்கதான தெனம் உக்காந்து பாக்கறீங்க. மாட்டி வுடுங்க" என்று முறத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள்.

சித்திரை 29, திங்கள்

வெக்கை. ஈசல். மரவள்ளி நிமிர்ந்திருக்கிறது.

மாட்டினேன். கண்ணை மூடினால் வெள்ளிக்கிழமை பார்த்தது அப்படியே நிற்கிறது.

நெட்டை நீலம், கத்துகிறவனிடமிருந்து கலக்கிக்கு.
இரைச்சல் தகட்டிலிருந்து கலக்கிக்கு மஞ்சள்.
கலக்கியிலிருந்து வடிகட்டிக்குக் கறுப்பு.
வடிகட்டியிலிருந்து கதவுக்குச் சிவப்பு.
மெல்ல ஆட்டுகிறவனிடமிருந்து பச்சை, ஒன்று வடிகட்டிக்கு, ஒன்று கத்துகிறவனுக்கு.
கதவு திறக்கச் சொல்கிறவனிடமிருந்து குட்டை மஞ்சள்.
மற்றதெல்லாம் இந்த நோட்டுக்கு எதற்கு. போட்டேன், எல்லாம் போட்டேன்.

கரண்ட் கொடுத்தேன். சத்தம் வந்தது. மூச்சும் விட்டது. ஆனால் இது ஓடிவந்தவன் மூச்சு. மேலே கூராக ஒரு கீச்சு. மலைக்கு அடியில் இருந்தது இல்லை.

ஓட்டை சரி, திருகுதான் தப்பு. துணி பட்டு நகர்ந்துவிட்டது. எந்தத் திருகு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. ஒன்றைத் திருப்பப் போய் கையை எடுத்துக்கொண்டேன். அணைத்தேன்.

ப. எட்டிப் பார்த்து, "சத்தம் வருதில்ல. அப்பறமென்ன" என்றாள்.

சித்திரை 30, செவ்வாய்

வந்தார்கள். படக்காரர் ஒல்லி, மரியாதையான ஆள், செருப்பை வெளியே கழற்றினார். அங்கிள் என்றார். ப. மோர் கலக்கினாள்.

சு. கரண்ட் கொடுத்தாள். கேட்டாள். ஒரு திருகைத் தொட்டாள், இன்னொன்று. போனை எடுத்துப் போட்டோவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். போட்டோவில் கறுப்புக்கு மேலே போகிற சிவப்பு இப்போது கீழே போகிறது. ஓட்டையைத்தான் நான் ஞாபகம் வைத்திருந்தேன். எது எதன்மேல் என்று பார்க்கவில்லை.

நடையில் நின்றிருந்தேன். வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாத்தையும் கழட்டி மாட்டியிருக்கீங்க மாவா."

துண்டை மறு தோளுக்கு மாற்றினேன்.

"ஒன்னு கூட தப்பில்ல. எல்லா ஒயரும் சரியான ஓட்டையில இருக்குது. இந்த ஊருல உங்களத் தவிர வேற யாருக்கு இது தெரியும்? நான்தான கத்துக்குடுத்தேன்."

பழனியம்மாள் மோர் தட்டோடு கதவருகே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்லட்டும் என்று பார்த்தேன். டம்ளர் விளிம்பில் ஒட்டிய கறிவேப்பிலையை விரலால் எடுத்தாள்.

"அன்னைக்கு மெயின அணச்சீங்க, நான் ஒன்னும் கேக்கல. இப்ப என்கூட உக்காந்து, நல்லா இருக்குதுன்னும் சொல்லி..." அதற்குமேல் கன்னடத்தில். கன்னடம் எனக்குத் தெரியும், சந்தையில் மாடு பிடித்த காலத்திலிருந்து. தெரியாது என்று நினைத்துத்தான் பேசினாள்.

ப. மோரைக் கொடுத்தாள். "குடி கண்ணு, வெயில்ல வந்திருக்கற." அவள் வாங்கிக் குடித்தாள்.

பொழுது சாயும்வரை தேடினாள். ஒரு தரம் கிட்டத்தில் வந்தது, வெளியே நின்றிருந்த எனக்கே மயிர் சிலிர்த்தது. பிறகு நழுவிவிட்டது. பதிந்த துண்டு கையில் இருக்கிறது, அதை நீட்டவோ திருத்தவோ வழியில்லை. படக்காரர் பரவாயில்லை, வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியைக் கிளப்பினார். பரவாயில்லை என்கிறவர்கள் திரும்பி வருவதில்லை.

சித்திரை 31, புதன்

செல்வம் போனில். அம்மாவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்டான். கல்யாணத்துக்கு வரல, சரின்னு விட்டோம், கரண்ட அணச்ச, அதையும் விட்டோம் என்று ஆரம்பித்தான். கடைசியில், "உனக்கு என்னதாம்பா வேணும்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். ப. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை போட்டாச்சு என்றேன்.

வைகாசி 1, வியாழன்

சு. போய்விட்டாள். பெட்டி பிக்கப் வேனில். ப. புளிசாதம் கட்டிக் கொடுத்து, கண்ணீர் விட்டு, அவள் இவளைக் கட்டிக்கொண்டு. 'அத்தே, அத்தே.' என்னிடம் போய்ட்டு வர்றேன் என்றாள், தரையைப் பார்த்து.

வேன் திருப்பம் தாண்டியதும் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"உங்க பேரு எப்பவோ கெட்டுக் கெடக்குது. எம்பேரும் கெடணுமா?" கோபமில்லை. விலை கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். "மகன் வூட்டுக்கு நாளைக்கு நானாச்சும் போக வர இருக்க வேணாமா. நீங்க சொல்லியிருந்தா மட்டும் யாரு நம்பப் போறா?"

இதில் எது பொய் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

வைகாசி 2, வெள்ளி

மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ். மாங்காய் வியாபாரி வரவில்லை. முழங்கால் வலி.

வைகாசி 4, ஞாயிறு

மேகம், மழை இல்லை.

சு. போன். ப. வாசலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். மாங்காய் அனுப்பட்டுமா, சளி விட்டதா, செல்வம் சாப்பிடுகிறானா. ஒரு தரம் போனை என் பக்கம் நீட்டி, மாவாகிட்ட தரட்டுமா என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, கையை மடக்கிக்கொண்டாள்.

வைத்த பிறகு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறாளாம்."

அந்தச் சத்தம் திரும்பக் கிடைத்ததா, கேட்டாயா என்றேன்.

"எந்தச் சத்தம்?" என்றாள்.